ஒரு மடல், இரண்டு சரக்கு

சோற்றுக் கற்றாழை மடலை வெட்டிச் சாய்த்து வைத்தால் முதலில் வடிவது மஞ்சள் பால். தோலை ஒட்டிய நுண்குழாய்களில் ஓடுவது அது. நிறமற்ற சோறு அதற்கும் உள்ளே இருக்கிறது. கற்றாழை சருமத்துக்கு நல்லதா என்று கேட்பவர்கள், இவற்றில் எதைப் பூசப்போகிறோம் என்றுதான் முதலில் பார்க்க வேண்டும்.

மஞ்சள் பாலில் அலோயின் என்ற வேதிப்பொருள் உண்டு. கடும் பேதி மருந்து. இந்தப் பாலைக் காய்ச்சி இறுக்கினால் நாட்டுமருந்துக் கடையில் விற்கும் கரியபோளம். தோலில் பட்டால் சிலருக்கு அரிப்பும் தடிப்பும் வரும்.

சோற்றில் ஏறக்குறைய 99 சதவீதம் தண்ணீர். அது ஆவியாகும்போது தோலின் சூடு தணிகிறது. மிச்சமிருப்பதில் முக்கியமானவை அசிமன்னான் போன்ற கூட்டுச் சர்க்கரைகள். இவை மெல்லிய படலமாகப் படிந்து ஈரத்தைக் காக்கின்றன.

கற்றாழை மீது நவீன மருத்துவத்தின் பார்வை விழுந்தது 1935-இல். எக்ஸ்ரே கதிரால் தோல் புண்ணான ஒருவருக்குக் கற்றாழை பலன் தந்ததாக அமெரிக்க மருத்துவர்கள் எழுதினார்கள். நான்கு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2007-ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்று, மேலோட்டமான தீக்காயங்கள் சுமார் 9 நாள் முன்னதாக ஆறியதாகக் கணக்கிட்டது. ஆனால் 1991-இல் வெளியான ஆய்வில், அறுவைசிகிச்சைக்குப் பின் பிரிந்த வயிற்றுக் காயங்கள் வழக்கமான சிகிச்சையில் 53 நாளில் ஆற, கற்றாழை சேர்த்தபோது 83 நாள் பிடித்தது. வெயில் சுட்ட தோலுக்கும் சிறு சூட்டுக் காயத்துக்கும் பூசலாம். ஆழமான புண்ணுக்கும் தையல் போட்ட இடத்துக்கும் வேண்டாம்.

அழகுசாதனப் பொருள்களில் கற்றாழையைச் சேர்க்கும்போது, அலோயின் வகைப் பொருள்கள் பத்து லட்சத்தில் 50 பங்கைத் தாண்டக்கூடாது என்று அமெரிக்க நிபுணர் குழு வரம்பு வைத்திருக்கிறது. நம் வீடுகளில் மடலை வடியவிட்டு, தோல் சீவி, சோற்றை ஏழு முறை அலசுவதும் அந்த மஞ்சள் பாலைப் போக்கத்தான். அப்படி அலசிய சோற்றையும் முதலில் முழங்கையின் உட்புறம் சிறிது தடவி, ஒரு நாள் பொறுத்துப் பார்ப்பது நல்லது.

கடையில் வாங்குவதானால் குப்பியின் பின்புறத்தைப் படியுங்கள். சேர்மானங்கள் பெரும்பாலும் அளவு குறையும் வரிசையில்தான் அச்சாகும். கற்றாழையின் பெயர் கடைசியில் இருந்தால் உள்ளே இருப்பதும் கொஞ்சம்தான். ஜெல் பளபளவென்று பச்சையாக இருந்தால், அந்தப் பச்சை சாயம்.