அரவாணி கலைத் திட்டம்

அரவாணி கலைத் திட்டம் என்பது திருநங்கையரும் பிறரும் சேர்ந்து பொதுச் சுவர்களில் பெரிய ஓவியங்கள் தீட்டும் ஒரு கலைக்குழு ஆகும். சுவரோவியர் பூர்ணிமா சுகுமார் இதை 2016ஆம் ஆண்டு பெங்களூரில் தொடங்கினார். குழு பிறந்தது கர்நாடகத்தில் என்றாலும் அதன் பெயர் தமிழ்நாட்டிலிருந்து, குறிப்பாகப் பழைய விழுப்புரம் மாவட்டத்தின் கூவாகத்திலிருந்து சென்றது.

பெயரின் ஊர்

மரக்காணம் உப்பளங்களுக்குத் தென்மேற்கே, உளுந்தூர்ப்பேட்டை வட்டாரத்தில் உள்ள சிற்றூர் கூவாகம். 2019இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகும் வரை மரக்காணமும் கூவாகமும் ஒரே மாவட்டத்து ஊர்கள். கடற்கரைப் பாத்திகளில் உப்பு வாரும் கோடையில், சித்திரை முழுநிலவையொட்டி, இங்குள்ள கூத்தாண்டவர் கோயிலில் பதினெட்டு நாள் திருவிழா நடக்கிறது. அர்ச்சுனனுக்கும் நாககன்னிக்கும் பிறந்த அரவான், பாரதப் போருக்குமுன் களப்பலியாக இசைகிறான். சாகுமுன் மணம் முடிக்க விரும்புகிறான். மறுநாள் சாகப்போகிறவனுக்குப் பெண் கொடுக்க யாரும் முன்வராததால் கண்ணன் மோகினியாக வந்து அவனை மணக்கிறான். அந்த மோகினியாகத் தம்மைக் கருதும் திருநங்கையர் நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் வந்து, கோயிலில் தாலி கட்டிக்கொள்கின்றனர். அடுத்த நாள் அழிகளத்தில் தாலியறுத்து, வளையல் உடைத்து, வெள்ளைப் புடவை உடுத்துகின்றனர்.

இந்தக் கதையிலிருந்து வந்த சொல்தான் ‘அரவாணி’. அதற்கு முன் தெருவில் வழங்கிய சொற்கள் பெரும்பாலும் வசவுகளே. அவற்றோடு ஒப்பிட இது மதிப்பான பெயர். தமிழ்நாடு அரசு 2008 ஏப்ரல் 15 அன்று அமைத்த நலவாரியமும் முதலில் அரவாணிகள் பெயரில்தான் இருந்தது. ஆனால் மணமகளாகி மறுநாளே கைம்பெண்ணாகும் ஒரு கதையோடு வாழ்நாள் முழுவதையும் கட்டிப்போடும் பெயர் அது. பெண்ணாகப் பிறந்ததாகக் கருதப்பட்டு ஆணாக வாழ்வோருக்கு அதில் இடமும் இல்லை. பின்னர் ‘திருநங்கை’, ‘திருநம்பி’ ஆகிய சொற்கள் நிலைபெற்றன. 2011 முதல் ஏப்ரல் 15 திருநங்கையர் நாளாகவும் கொண்டாடப்படுகிறது. தமிழில் பின்னுக்குப் போன சொல், பெங்களூர்க் குழுவின் பெயரில் உலகம் சுற்றுகிறது.

ஏன் சுவர்?

படத்தைக் காட்சிக்கூடத்தில் மாட்டியிருக்கலாமே என்று தோன்றலாம். 1871ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டத்தைப் பார்த்தால் சுவர் ஏன் என்பது விளங்கும். வட மாகாணங்களில் நடைமுறைக்கு வந்த அச்சட்டத்தின் இரண்டாம் பகுதி இவர்களைப் பதிவேட்டில் ஏற்றச் சொன்னது. பதிவானவர் பெண் உடையிலோ நகையிலோ பொதுத் தெருவில் தென்பட்டால், அல்லது தெருவிலிருந்து பிறர் பார்க்கும்படி வேறெங்காவது நின்றாலும்கூட, ஈராண்டு வரை சிறை. திருட்டோ அடிதடியோ வேண்டாம், கண்ணில் படுவதே குற்றம். இது பழங்கதை என்று ஒதுக்கவும் முடியாது. 2011இல் கர்நாடகக் காவல் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 36ஏ பிரிவு மறுபடியும் பதிவேட்டைக் கொண்டுவந்தது. எதிர்த்து வழக்குத் தொடரப்பட்ட பிறகே அது திருத்தப்பட்டது. பெயரைப் பதிவேட்டில் ஏற்றிய அதே மாநிலத் தலைநகரில், சில ஆண்டுகளில், அவர்களே ஏணியில் ஏறித் தம் முகங்களைச் சுவரில் தீட்டினர்.

ஓவியங்கள்

குழு முதலில் அந்தந்த ஊர்த் திருநங்கையரோடு அமர்ந்து பேசுகிறது. படத்தின் கரு அவர்கள் சொல்வதிலிருந்து வருகிறது. பெரிய முகங்கள், நேராகப் பார்க்கும் கண்கள், பூ, இலை, அடர்ந்த தட்டை வண்ணங்கள் என்று இவர்களது பாணியைத் தூரத்திலிருந்தே அடையாளம் காணலாம். முன்பின் தூரிகை பிடிக்காதவர்களும் கோட்டுக்குள் வண்ணம் நிரப்ப ஏற்ற பாணி இது. பெங்களூர்ச் சுவரொன்றில் கன்னடத்தில் ‘நாங்கள் இருக்கிறோம்’ என எழுதினர். டெல்லி லோதி குடியிருப்பிலும் இவர்களது ஓவியம் உண்டு. 2024இல் வெனிஸ் நகரின் 60ஆவது பன்னாட்டுக் கலைக் கண்காட்சியில், ஆர்சனாலே வளாகத்தில், ‘டயஸ்போர்’ என்ற பெருஞ்சுவரோவியத்தைப் படைத்தனர். அவ்வாண்டுக் கண்காட்சியின் பொருள் ‘எங்கும் அந்நியர்’ என்பது.

சுவரில் ஏறாதவை

தமிழ்நாட்டில் சுவருக்குப் பஞ்சமில்லை. தேர்தலுக்குப் பல மாதம் முன்பே கட்சிக்காரர்கள் சுண்ணாம்பு அடித்து இடம் பிடித்துவிடுவார்கள். தீட்டுவதற்கான வரலாறும் குறைவில்லை. மூன்றாம் பாலினத்தை ஏற்ற உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, நலவாரியம் அமைந்த அதே ஏப்ரல் 15 அன்று, 2014இல் வந்தது. 2015இல் சென்னை உயர் நீதிமன்றம் சென்று வென்ற பிரித்திகா யாஷினி காவல் உதவி ஆய்வாளரானார். 2019இல் மதுரைக் கிளை, திருநங்கையும் இந்து திருமணச் சட்டத்தின் ‘மணமகள்’ என்ற சொல்லுக்குள் அடங்குவார் என்றது. அந்தத் தீர்ப்பை ஒட்டியே, இடைப்பால் குழந்தைகளுக்குத் தேவையற்ற அறுவை செய்வதை மாநில அரசு தடைசெய்தது. 2021இல் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், ஒருபால் ஈர்ப்பை ‘மாற்றும்’ சிகிச்சைகளுக்கு எதிராக ஆணையிட்டார். அவ்வழக்கின் தொடர்ச்சியாக 2022இல் மதிப்பான தமிழ்ச் சொற்களின் பட்டியலையும் அரசு வெளியிட்டது. ‘பால்புதுமையர்’ என்ற சொல் அதில் உண்டு.

வெளிச்சுவர் வண்ணம் நம் ஊர் வெயிலில் சில ஆண்டுகளிலேயே வெளிறிவிடும். கடலோரமாக இருந்தால் உப்புக்காற்று இன்னும் விரைவில் பூச்சை உரித்துவிடும். அதன்மேல் சுவரொட்டி ஒட்டப்படலாம், சுவரே இடிக்கப்படலாம். எனவே இத்தகைய ஓவியங்கள் பலவும் நிழற்படங்களில்தான் எஞ்சுகின்றன.