நடுவழியில் கல்லூரி மாறுகிறவர்கள்

சி.வி. ராமன் விசாகப்பட்டினத்தில் எஃப்.ஏ. என்ற, பட்டத்துக்கு முந்தைய படிப்பை முடித்துவிட்டு பி.ஏ. படிக்கச் சென்னை மாநிலக் கல்லூரிக்கு வந்தார். 1904-இல் தங்கப் பதக்கத்தோடு தேறினார். இன்று ஒரு மாணவர் அதே பயணத்தை மேற்கொண்டால் மாநிலமும் பல்கலைக்கழகமும் பாடத்திட்டமும் மாறிவிடும். அன்று அப்படியில்லை. ஆந்திரப் பல்கலைக்கழகம் 1926-இல்தான் பிறந்தது. அதுவரை விசாகப்பட்டினத்திலும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தேர்வைத்தான் எழுதினார்கள். ஊர் மாறியது, கல்லூரி மாறியது, ஆனால் எழுதவேண்டிய தாள் மாறவில்லை.

பின்னாளில் குடியரசுத் தலைவரான ராதாகிருஷ்ணன் இளைஞராக வேலூர் ஊரிசு கல்லூரியிலிருந்து சென்னைக் கிறித்துவக் கல்லூரிக்கு வந்ததும் இதே வழியில்தான். அந்தக் காலத்தில் எஃப்.ஏ. வரை மட்டும் சொல்லித்தந்தவை இரண்டாம் நிலைக் கல்லூரிகள், பி.ஏ. வரை இருந்தவை முதல் நிலைக் கல்லூரிகள். சிறிய ஊரில் தொடங்கிய பையன் பட்டம் வாங்கவேண்டுமென்றால் இடம்பெயர்ந்தே ஆகவேண்டும். கல்லூரி மாறுவது படிப்பின் ஒரு படியாகவே இருந்தது. ‘ஏன் அங்கிருந்து வந்தாய்?’ என்று யாரும் சந்தேகத்தோடு கேட்கவில்லை.

இன்னொரு பெயரையும் இங்கே சொல்லாமல் இருக்க முடியாது. 1904-இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்த கணித மேதை ராமானுஜன், ஆங்கிலத்தில் தவறியதால் அந்த உதவித்தொகையை இழந்தார். 1906-இல் சென்னை பச்சையப்பன் கல்லூரி அவருக்கு இடம் கொடுத்தது. ஒரு கல்லூரியில் தோற்றவனுக்கு இன்னொரு கல்லூரி கதவு திறந்தது பெரிய விஷயம். ஆனால் அங்கேயும் காத்திருந்தது அதே எஃப்.ஏ. தேர்வு. உடல்நலம் கெட்டு, 1907-இல் தனித்தேர்வராக எழுதி, மறுபடியும் தவறினார். கணிதத்தில் அவர் எங்கே நின்றார் என்பதைக் கணக்கில் எடுத்துக்கொள்ள எந்த வழியும் அந்த ஏற்பாட்டில் இல்லை. ஒரே பாடத்திட்டம் என்பது மாறுவதை எளிதாக்கியது. மாறியவனுக்குப் புதிதாக எதையும் தரவில்லை. பழைய காலத்தைப் புகழ்கிறவர்கள் இந்தக் கதையையும் சேர்த்தே நினைக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

எஃப்.ஏ. போய் இன்டர்மீடியட் வந்தது. இன்டர்மீடியட் போய் பி.யு.சி. வந்தது. பெயர்கள் மாறினாலும் கரும்பில் கணு இருப்பதுபோலப் படிப்பின் நடுவே ஓர் இடம் இருந்தது. அங்கே வெட்டி வேறு மண்ணில் நடலாம். பாளையங்கோட்டையில் பி.யு.சி. படித்தவர் திருச்சியிலோ சென்னையிலோ பட்டப்படிப்பில் சேர்ந்தார். 1978-இல் பிளஸ் டூ வந்தபோது அந்தக் கணு பள்ளிக்கூடத்துக்குள் போய்விட்டது. அதன்பின் கல்லூரி என்றால் மூன்று ஆண்டு, பொறியியல் என்றால் நான்கு ஆண்டு. ஒரே மூச்சில், ஒரே இடத்தில். நடுவில் இறங்குகிறவர் விதிவிலக்கு ஆகிவிட்டார்.

விதிவிலக்கானாலும் அவர்கள் இல்லாமல் போகவில்லை. வங்கியிலோ ரயில்வேயிலோ வேலை பார்த்த அப்பாவுக்கு மாற்றல் வரும். இரண்டாம் ஆண்டில் பெண்ணுக்குக் கல்யாணம் ஆகி, மாப்பிள்ளை வீடு வேறு மாவட்டத்தில் இருக்கும். அப்படி மாறியவர்களுக்குத் தாள்களின் சுமை அதிகம். நூலகத்திலும் ஆய்வகத்திலும் விடுதியிலும் ‘நோ டியூ’ கையெழுத்து வாங்கவேண்டும். பிறகு டி.சி., நன்னடத்தைச் சான்றிதழ். பல்கலைக்கழகம் மாறினால் மைக்ரேஷன் சான்றிதழ். அதற்கு வங்கியில் டி.டி. எடுத்து, அஞ்சல்தலை ஒட்டிய சுயமுகவரி உறையோடு அனுப்பிவிட்டுத் தபால்காரரைப் பார்த்துக் காத்திருக்கவேண்டும். நகல்களில் பச்சை மையில் கெஜட்டட் அதிகாரியின் கையெழுத்து வேண்டும்; அதற்காகத் தெரிந்த தாசில்தாரையோ அரசு மருத்துவரையோ தேடிப் போகவேண்டும். ‘தம்பி, நாளைக்கு வா’ என்ற எழுத்தரின் சொல்லில் ஒரு செமஸ்டரே போய்விடக்கூடும்.

அந்தச் சுமையில் பெரும்பகுதி இன்று இறங்கிவிட்டது. மதிப்பெண் பட்டியல்கள் டிஜிலாக்கரில் ஏறுகின்றன. மைக்ரேஷன் சான்றிதழுக்குப் பல பல்கலைக்கழகங்களில் இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். பல இடங்களில் பச்சை மையின் இடத்தில் நம்முடைய கையெழுத்தே போதும். அந்த அலைச்சலை அறிந்த எவரும் இதைச் சின்ன மாற்றம் என்று சொல்லமாட்டார்கள்.

ஆனால் தாள்கள் இலகுவான அதே காலத்தில் பாடங்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகிப்போயின. 1966-இல் மதுரைப் பல்கலைக்கழகம், 1982-இல் பாரதியாரும் பாரதிதாசனும், 1990-இல் மனோன்மணியம் சுந்தரனார் எனச் சென்னையின் பரப்பு பிரிந்தது. இன்னொரு பக்கம், 1978 முதல் தன்னாட்சிக் கல்லூரிகள் வந்தன. தன் பாடத்திட்டத்தைத் தானே வகுத்து, தன் வினாத்தாளைத் தானே அச்சிடும் உரிமை அவற்றுக்குக் கிடைத்தது. அது தேவையான உரிமை. நல்ல ஆசிரியர்கள் பாடத்தைப் புதுப்பிக்க அதுவே வழி. எனினும் அதன் விலையை நடுவில் மாறுகிற மாணவர்தான் கொடுக்கிறார். ஒரே தெருவில் இரண்டு தன்னாட்சிக் கல்லூரிகள் இருக்கலாம்; இரண்டிலும் பி.எஸ்சி. இயற்பியல் இருக்கலாம். ஒன்றில் மூன்றாம் செமஸ்டரில் வரும் ஒளியியல், மற்றதில் முதல் செமஸ்டரிலேயே முடிந்திருக்கும். முதல் கல்லூரியிலிருந்து இரண்டாவதற்கு இரண்டாம் ஆண்டில் வருகிறவர் அந்தத் தாளைத் தனியாகப் படித்து எழுதவேண்டும். ஏற்கெனவே படித்துத் தேறிய வேறொரு தாளோ புதிய கல்லூரியில் இடமில்லாமல் நிற்கும்.

மாநிலம் மாறினால் நிலைமை இன்னும் சிக்கல். தமிழ்நாட்டின் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் மூன்றாண்டு இளநிலைப் பட்டத்துக்கு 140 கிரெடிட். தேசிய அளவில் வகுக்கப்பட்ட சட்டகத்தில் அது 120. மொழிப்பாடமான பகுதி ஒன்று தமிழ் நம்மிடம் பெரும்பாலும் நான்கு செமஸ்டர்களுக்கு நீள்கிறது. பெங்களூரில் ஓராண்டு படித்துவிட்டு அப்பாவின் உடல்நிலை காரணமாகக் கோயம்புத்தூர் திரும்பும் பெண்ணை எண்ணிப் பாருங்கள். அவள் அங்கே கன்னடமோ இந்தியோ எடுத்திருப்பாள். அந்த இரண்டு செமஸ்டர் மொழித்தாள் இங்கே ஏற்கப்படுமா என்பதைச் சமநிலை பார்க்கும் குழு தீர்மானிக்கவேண்டும். குழு கூடும்வரை அவள் எந்த ஆண்டு மாணவி என்பதே உறுதியாகாது.

பணத்தின் கணக்கு வேறு. சுயநிதிக் கல்லூரியில் நடுவில் ஒருவர் போனால் அந்த இடம் மீதி ஆண்டுகளுக்குக் காலியாக இருக்கும். அதனால்தான் ‘மூணு வருஷத்துக் கட்டணத்தையும் கட்டிட்டு டி.சி.யை வாங்கிக்கோங்க’ என்ற சொல் பிறக்கிறது. அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்துவைக்கக் கூடாது என்பது பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 அறிவிப்பில் தெளிவாக இருக்கிறது. சான்றிதழ் அடகுப் பொருள் அல்ல என்று சென்னை உயர் நீதிமன்றமும் பல வழக்குகளில் சொல்லிவிட்டது. ஆனால் அதே 2018 அறிவிப்பில் கட்டணத்தைத் திருப்பித் தரும் ஏற்பாடு, சேர்க்கையின் கடைசி நாளுக்குப் பின் 30 நாளோடு முடிந்துவிடுகிறது. முதல் ஆண்டு முடித்து மாறுகிறவருக்கு அதில் எதுவும் இல்லை. சான்றிதழை நிறுத்திவைப்பதை மட்டும் சட்டம் தடுக்கிறது. அதற்காக நீதிமன்றப் படியேற எத்தனை குடும்பங்களால் முடியும்? ஒரு நல்ல விதி எழுத்திலேயே நின்றுவிடும் இடம் இதுதான்.

முன்பு மாணவர் கல்லூரியைவிட்டுப் போனார். இப்போது சில சமயம் கல்லூரி மாணவரைவிட்டுப் போகிறது. ஒரு காலத்தில் தமிழ்நாட்டில் 500-ஐத் தாண்டியிருந்த பொறியியல் கல்லூரிகளின் எண்ணிக்கை பின்னர் குறைந்தது. மூடும் கல்லூரி படிப்படியாக மூடினால், புதிய சேர்க்கை மட்டும் நிற்கும்; இருப்பவர்கள் படித்து முடிக்கலாம். ஒரேயடியாக மூடினால், அக்கம்பக்கத்துக் கல்லூரிகளில் அவர்களைப் பிரித்துச் சேர்க்கவேண்டும். கடன் வாங்கி அனுப்பிய பெற்றோருக்கு அந்த வருடம் எப்படிக் கழியும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

மருத்துவத்தில் மாறுதல் எப்போதுமே குறுகிய வாசல். முதல் தொழில்முறைத் தேர்வு முடித்தபின், குறிப்பிட்ட விழுக்காட்டுக்குள் ஒரு கல்லூரியிலிருந்து இன்னொன்றுக்குப் போக முன்பு இடம் இருந்தது. தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023 விதிமுறைகள் அதையும் மூடின. அதற்கு முன்பே, 2022-இல் உக்ரைனிலிருந்து போருக்குத் தப்பி வந்த மாணவர்களுக்கு இந்தக் குறுகிய வாசலின் கடுமை தெரிந்தது. அவர்களை இந்தியக் கல்லூரிகளில் சேர்க்கச் சட்டத்தில் இடமில்லை என்று ஒன்றிய அரசு உச்ச நீதிமன்றத்தில் சொன்னது. அந்த ஆண்டு செப்டம்பரில் தேசிய மருத்துவ ஆணையம் வேறு நாட்டுப் பல்கலைக்கழகத்தில் தற்காலிகமாகப் படிக்க ஒப்புக்கொண்டது. பட்டத்தைத் தாய்ப் பல்கலைக்கழகமே தரவேண்டும் என்பது நிபந்தனை. குண்டு விழும் ஊரிலிருந்து வந்த பிள்ளைகளுக்குக்கூட நம்முடைய கல்வியமைப்பில் ஒரு நாற்காலி கிடைக்கவில்லை என்பது இன்றும் என்னை உறுத்துகிறது.

இந்த முடிச்சுகளை அவிழ்க்கத்தான் 2021-இல் கிரெடிட் வங்கி தொடங்கப்பட்டது. ஒரு கல்லூரியில் ஈட்டிய கிரெடிட் மாணவரின் கணக்கில் சேரும். ஏழு ஆண்டுவரை செல்லும். வேறு கல்லூரியில் சேரும்போது எடுத்துக்கொள்ளலாம். பட்டம் தரும் நிறுவனத்தில் பாதியளவு கிரெடிட்டாவது படித்திருக்கவேண்டும் என்பது விதி. ஓராண்டில் சான்றிதழ், இரண்டாண்டில் பட்டயம் என்று நடுவில் இறங்கி ஏறும் வழியும் தேசியக் கல்விக் கொள்கையில் இருக்கிறது. பழைய எஃப்.ஏ., பி.யு.சி. காலத்துக் கணுவை மறுபடியும் முளைக்கவைக்கும் முயற்சி இது என்றே நான் பார்க்கிறேன். அந்தக் கொள்கையைத் தமிழ்நாடு ஏற்கவில்லை. பாதியில் படிப்பை நிறுத்துவதற்கு அது நல்ல பெயர் சூட்டிவிடும் என்ற அச்சத்தில் நியாயம் உண்டு. முதல் தலைமுறைப் பட்டதாரிகளின் வீடுகளில் ஓராண்டுச் சான்றிதழோடு வேலைக்குப் போகும் அழுத்தம் உண்மையாகவே வரும். ஆனால் மாறிப் போகிறவர் படித்ததை இழக்காமல் இருக்கவேண்டும் என்ற தேவை எந்தக் கொள்கையையும் சார்ந்தது அல்ல. வங்கியில் கிரெடிட் இருப்பது வேறு, அதைப் புதிய கல்லூரி ஏற்பது வேறு. ஏற்பதா வேண்டாமா என்பது இன்னும் சேர்த்துக்கொள்ளும் இடத்தின் முடிவுதான். அந்த முடிவு எத்தனை நாளில் வரவேண்டும், மறுத்தால் காரணத்தை எழுத்தில் தரவேண்டுமா என்பதை மாநில அரசே ஓர் ஆணையில் தெளிவாக்கலாம்.

அதுவரை, மாறவேண்டிய நிலையில் இருப்பவர்கள் டி.சி.யோடு இன்னொன்றையும் கேட்டு வாங்கவேண்டும். படித்த ஒவ்வொரு செமஸ்டரின் பாடத்திட்டம், அலகு அலகாக, நேர அளவோடு, கல்லூரி முத்திரையும் முதல்வரின் கையெழுத்தும் உள்ள நகலாக வேண்டும். ராமன் சென்னைக்கு வந்தபோது அப்படி ஒரு தாளை யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். இன்று சமநிலைக் குழு முதலில் புரட்டுவது அதைத்தான். கல்லூரியை விட்டு வெளியேறியபின் தபாலில் கேட்டு வாங்குவது கடினம். அலுவலகத்தில் நம் பெயர் பதிவேட்டில் இருக்கும்போதே வாங்கிவிடுவது நல்லது.