“எந்தத் தெரு, டீச்சர்?”

ஆரோவில்லைச் சுற்றியுள்ள ஊர்களிலும், வடக்கே மரக்காணம் உப்பளம் வரையிலும், புதிதாக வரும் ஆசிரியரிடம் ஊரைக் கேட்டபின் தெருவையும் கேட்பதுண்டு. கேட்பது சாதியை. இதைச் சாதாரண விசாரிப்பு என்று ஒதுக்க முடியாது: இனப்பாகுபாடு என்பதில் பிறப்பு வழிச் சாதிப் பாகுபாடும் அடங்கும் என்று ஐ.நா.வின் இனப்பாகுபாடு ஒழிப்புக் குழு 2002-லேயே சொல்லிவிட்டது.

ஒருமுறை கேட்டால் கடந்துவிடலாம். இன்று யார் கேட்பார்களோ என்ற நினைப்போடு தினமும் வகுப்புக்குள் நுழைவதுதான் ஆளைத் தின்கிறது. ஸ்டாஃப் ரூமில் டிபன் பாக்ஸைத் திறந்தால், யார் நகர்ந்து உட்காருகிறார்கள் என்று கண் தானாகத் தேடும். ஹெச்.எம். சும்மா கூப்பிட்டாலும் நெஞ்சு படபடக்கும். தூக்கம் கெடும், பாடம் நடத்தும் ஆசை வற்றும். இதை அந்த ஆசிரியரின் பலவீனம் என்று யாரும் சொல்லக் கூடாது. ஓயாமல் தன்னைக் காத்துக்கொண்டே இருப்பதால் வரும் களைப்பு இது.

அப்படிக் காத்துக்கொள்ளக் காரணமும் உண்டு. 2013 ஏப்ரல் 25 அன்று மரக்காணத்தில் நடந்த கலவரத்தில் தலித் மக்களின் வீடுகள் எரிக்கப்பட்டன. அதற்குப் பிறகும் எல்லாத் தெருப் பிள்ளைகளுக்கும் பாடம் நடத்த யாரோ ஒரு டீச்சர் போயாக வேண்டியிருந்தது.

எழுத்தாளர் பாமாவும் ஆசிரியர்தான். ஏழைப் பிள்ளைகளுக்கு உழைக்கலாம் என்று நம்பிக் கன்னியாஸ்திரி ஆனார். மடத்துக்குள்ளும் சாதி இருந்தது. ஏழாண்டுகளுக்குப் பின் வெளியே வந்தபோது கையில் வேலையும் இல்லை, ஒண்ட இடமும் இல்லை. அந்தத் தவிப்பில் எழுதியதுதான் 1992-ல் வந்த ‘கருக்கு’. எழுதியது தன் காயத்தை ஆற்றியது என்று பின்னாளில் சொன்னார். பிறகு உத்திரமேரூர்ப் பக்கம் மறுபடியும் டீச்சராகவே வேலை பார்த்தார்.

1968-ல் எழுதப்பட்ட ஆரோவில் சாசனம், அந்த நகரம் மனிதகுலம் முழுமைக்கும் சொந்தம் என்கிறது. நான் மதிக்கும் வாக்கு அது. ஒரு பள்ளியில் அது நிஜமா என்பது, பெற்றோர் ஒருவர் டீச்சரை இழிவாகப் பேசும்போது ஹெச்.எம். யார் பக்கம் நிற்கிறார் என்பதில் தெரிந்துவிடும். “கண்டுக்காதீங்க டீச்சர்” என்ற ஆறுதல் அந்த டீச்சரை இன்னும் தனியாளாக்கும். “அப்படிப் பேசாதீங்க” என்று அங்கேயே சொல்லும் ஒரு சக ஆசிரியர் போதும், அந்த டீச்சர் மறுநாள் தயங்காமல் வேலைக்கு வர.

உங்களுக்கு இப்படி நேர்ந்தால், நடந்ததைத் தேதி போட்டு எழுதி வையுங்கள். தூக்கமின்மையும் பதற்றமும் வாரக்கணக்கில் நீடித்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். டெலி மானஸ் 14416 இலவச எண், தமிழிலும் பேசலாம். பட்டியல் சாதி, பழங்குடி ஆசிரியர்களுக்கு 1989-ம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் துணை நிற்கிறது. புகார் சொல்ல 14566.