அணையின் உரிமம் முடிந்தபோது

தம் சொந்தப் பணத்தில் அணை கட்டி மின்சாரம் எடுப்போர், அந்த ஆறும் தம்முடையதே என்று கூறிவிட முடியுமா? முடியாது என்கிறது அமெரிக்க நாட்டுச் சட்டம். அங்கே தனியார் நீர்மின் நிலையங்களுக்குக் கூட்டரசு எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையம் பொதுவாக 30 முதல் 50 ஆண்டுகளுக்கே உரிமம் வழங்குகிறது. நாம் நட்ட ரப்பர்க் கன்று வளர்ந்து, பால் தந்து, மறுநடவுக்காக வெட்டப்படும் காலத்தைக் காட்டிலும் இது நீண்டதுதான். எனினும் அதற்கும் ஒரு முடிவு உண்டு. உரிமத்தைப் புதுப்பிக்க விரும்பும் நிறுவனம் ஐந்து ஆண்டுகளுக்கு முன்னரே அதைத் தெரிவித்து, சுற்றுச்சூழல் ஆய்வுகளையும் நடத்த வேண்டும்.

அணைக்கு மேலும் கீழும் நீரின் வெப்பம் என்ன, அதில் கரைந்துள்ள பிராணவாயு மீன்களுக்குப் போதுமா, வறண்ட மாதங்களில் எவ்வளவு நீர் கீழே விடப்படுகிறது, முட்டையிட மேலேறும் மீன்கள் எவை, மின்சுழலியில் சிக்கி மாள்பவை எத்தனை என்றெல்லாம் அளந்து எழுதுகின்றனர். முன்னர் இவை பெரிதாகப் பொருட்படுத்தப்படவில்லை. 1986இல் சட்டம் திருத்தப்பட்ட பின்னரே, மின்னுற்பத்திக்கு நிகரான கவனத்தை மீன்களுக்கும் வனவிலங்குகளுக்கும் ஆணையம் அளிக்க வேண்டியதாயிற்று.

மெயின் மாநிலத்தில் கென்னபெக் ஆற்றின் குறுக்கே 1837இல் எழுந்தது எட்வர்ட்ஸ் அணை. அதன் மின்திறன் 3.5 மெகாவாட் மட்டுமே. கடலிலிருந்து ஆற்றில் ஏறிவரும் சால்மன், ஸ்டர்ஜன், சரவாக்கில் உப்பிட்டு விற்கும் தெருபோக்கின் உறவினமான ஷாட் ஆகிய மீன்களை அது ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக மறித்து நின்றது. 1993இல் உரிமம் முடிந்தது. உரிமையாளர் புதுப்பிக்கக் கோரினர். மீன்கள் ஏறிச் செல்லப் படிவாய்க்கால் அமைத்தால் போதாதா என்பது இயல்பான கேள்வி. ஆய்வு தந்த விடை வேறாக இருந்தது. ஸ்டர்ஜன் போன்ற சில மீன்கள் அப்படிகளில் ஏறுவதில்லை. அதை அமைக்கும் செலவோ, அணையை அகற்றும் செலவைவிட அதிகம்!

1997 நவம்பரில் ஆணையம் உரிமத்தை மறுத்து, அணையை அகற்றவும் உத்தரவிட்டது. உரிமையாளர் விரும்பாத நிலையில் இவ்வாறு உத்தரவிட்டது அதுவே முதன்முறை. பின்னர் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, செலவில் பெரும்பங்கை ஆற்றைப் பயன்படுத்தும் ஒரு கப்பல் கட்டும் நிறுவனமும், மேற்பகுதி அணைகளின் உரிமையாளர்களும் ஏற்றனர். எல்லா அணைக்கும் இதே முடிவு என்று நாம் கருதிவிடலாகாது. பெரும்பாலானவை புதிய நிபந்தனைகளுடன் உரிமம் பெறுகின்றன.

1999 ஜூலை முதல் நாள் அணை உடைக்கப்பட்டது. வாட்டர்வில் நகர் வரை ஏறத்தாழ 27 கிலோமீட்டர் ஆறு மீண்டும் தடையின்றி ஓடலாயிற்று. அடுத்து வந்த ஆண்டுகளில் மீன்கள் அவ்வழியே மேலேறின.