மலிவு எண்ணெயும் மலைநாட்டு மண்ணெண்ணெயும்

2022ஆம் ஆண்டு மே மாதம். ஹட்டனில் டீசல் வரிசையில் நின்ற நேரம். பக்கத்தில் நின்ற லொறிக்காரச் சகோதரர் கேட்டார்: "நாநா, ரஷ்யாவிலிருந்து மசகு எண்ணெய்க் கப்பல் வந்து கொழும்பில நிக்கிதாமே. மலிவா எது கிடைச்சாலும் வாங்கி சப்புகஸ்கந்தயில ஊத்தினா சரிதானே?"

வியாபாரி கேட்கக்கூடிய நியாயமான கேள்விதான். ஆனால் மசகு எண்ணெய் சீனி மூட்டையல்ல, கொழுந்து மாதிரி. எந்த மலைக் கொழுந்து, எந்தப் பருவத்தில் பறித்தது என்று பார்க்காமல் எந்த டீமேக்கராவது எவ்வளவு பீஓபீ, எவ்வளவு டஸ்ட் விழும் என்று சொல்வாரா?

1969இல் இயங்கத் தொடங்கிய சப்புகஸ்கந்த ஆலை, ஈரானின் லைட் ரக எண்ணெய்க்காகவே வடிவமைக்கப்பட்டது. 2012இல் அமெரிக்கத் தடை வந்து அந்த எண்ணெய் நின்றபோதுதான் இதன் அருமை நமக்குத் தெரிந்தது. வேறு எண்ணெய் வாங்குவதென்றால் முதலில் பார்க்க வேண்டியது அதன் 'அசே' எனும் பகுப்பாய்வு அறிக்கை.

ஆய்வுகூடத்தில் எண்ணெயைப் படிப்படியாகச் சூடாக்கி, எந்த வெப்பத்தில் எத்தனை சதவீதம் ஆவியாகிறது என்று குறிப்பார்கள். முதலில் வாயு, பிறகு நெப்தா, மண்ணெண்ணெய், டீசல், கடைசியில் உலை எண்ணெய்க்குப் போகும் அடிச்சரக்கு. சுமார் 350 பாகைக்கு மேல் சூடாக்கினால் எண்ணெயே சிதைந்துவிடும் என்பதால் மிச்சத்தை வெற்றிடத்தில் காய்ச்சுவார்கள். ஒவ்வொரு பகுதியின் அடர்த்தி, கந்தகம், பிசுபிசுப்பு எல்லாம் அறிக்கையில் இருக்கும். பொறியியலாளர்கள் இதைக் கணினியில் ஏற்றி, எண்ணெயைச் சிறு சிறு துண்டுகளாகப் பிரித்து, ஆலையை அங்கேயே ஓட்டிப் பார்ப்பார்கள்.

இங்கேதான் ஏமாற இடமுண்டு. ஈரான் லைட்டின் ஏபிஐ அளவு 33, 34 வரும். ரஷ்யாவின் சைபீரியன் லைட் 35 அளவில்; கந்தகமும் குறைவு. பார்த்தவுடன் நல்ல சரக்கு என்போம். ஆனால் ஏபிஐ என்பது வெறும் சராசரி. மிக இலேசான எண்ணெயையும் மிகக் கனமானதையும் கலந்தாலும் அதே எண் வரும். நடுவில் மண்ணெண்ணெயும் டீசலும் குறைந்திருக்கும். விமான எரிபொருளும் மண்ணெண்ணெய்ப் பகுதியிலிருந்தே எடுக்கப்படுவதால், நடுப்பகுதி மெலிந்தால் இரண்டுக்கும் இழுபறி. அடிச்சரக்கை உடைத்துப் பெற்றோலாக்கும் நவீன அலகுகள் இல்லாத பழைய ஆலைக்கு இது பெரிய அடி.

கணக்குப்பிள்ளை வேலையும் உண்டு. பகுதிகளைக் கூட்டினால் நூறு வர வேண்டும். பகுதிகளின் கந்தகத்தை எடைப்படி கூட்டினால் முழு எண்ணெயின் கந்தகம் வர வேண்டும். வராவிட்டால் அறிக்கையில் பிழை. அறிக்கை எந்த ஆண்டுக்குரியது என்பதும் முக்கியம். எண்ணெய் வயல் மாறிக்கொண்டே இருக்கும். அதனால் கப்பலில் வந்த சரக்கின் மாதிரியை எடுத்து, அறிக்கையோடு ஒப்பிடாமல் கணினி சொல்வதை நம்ப முடியாது.

அந்த 90,000 மெற்றிக் தொன் ரஷ்ய எண்ணெய், பணம் கட்ட முடியாமல் ஒரு மாதத்துக்கு மேல் கொழும்புக் கடலில் காத்துக் கிடந்தது. டொலர் இல்லாவிட்டால் எந்த அறிக்கையாலும் பயனில்லை என்பது வேறு கதை. அதே ஆண்டு ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயானது. லயன் அறையில் அடுப்பு மூட்டும் நம் கடன் வாடிக்கையாளர்கள் போத்தலோடு வந்து, விலை கேட்டுத் திரும்பிப் போனார்கள்.

இவ்வளவும் சொல்லி முடிப்பதற்குள் வரிசை நகர்ந்தது. சகோதரர் லொறியை நோக்கி ஓடினார்.