மூட்டு வலிக்கு மஞ்சளும் பிசினும்: எவ்வளவு நம்பலாம்?

மலேசியாவின் கெடா மாநிலத்தில், புக்கிட் செலம்பாவ் வட்டார ரப்பர்த் தோட்டங்களில் பால் வெட்டிய தலைமுறைக்கு முட்டி வலி புதிதல்ல. இருட்டோடு எழுந்து, மரத்துக்கு மரம் குனிந்து நிமிர்ந்து, பால் வாளியைச் சுமந்து நடந்த கால்கள் அவை. குந்தி எழும் வேலையும் பாரம் தூக்குவதும் மூட்டுத் தேய்மானத்துக்கு வழிவகுக்கும் என்பதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இன்று அவர்களைத் தேடி மஞ்சள் மாத்திரையும் மூலிகைக் கேப்சூலும் ஜாமு எனப்படும் மலாய்ப் பாரம்பரிய மருந்தும் வருகின்றன.

இவற்றில் பலன் இல்லாமல் இல்லை.

கெடாவின் எல்லைக்கு அப்பால், தாய்லாந்து மருத்துவர்கள் முட்டி தேய்ந்த 367 பேரை இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு நாளுக்கு 1,500 மி.கி. மஞ்சள் சாறு, மற்றதற்கு 1,200 மி.கி. இபுபுரூஃபன் என்ற வலி மாத்திரை. நான்கு வாரத்தில் மஞ்சள் சாறும் ஏறக்குறைய அதே அளவு வலியைத் தணித்தது, வயிற்றுத் தொல்லையும் குறைவு. 2014-இல் வெளியான முடிவு இது. ஆனால் அது செறிவூட்டிய சாறு. சமையல் மஞ்சளில் அதன் முக்கிய வேதிப்பொருளான குர்குமின் 3 சதவீதம் அளவுக்கே இருக்கும். குழம்பில் கூடுதலாக ஒரு கரண்டி போட்டு அந்தப் பலனை எதிர்பார்க்க முடியாது.

இந்தியாவில் சல்லகி எனப்படும் பாஸ்வெல்லியா மரப்பிசினுக்கும் சான்று உண்டு. 2014-இல் காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, அதன் செறிவூட்டிய சாற்றை 90 நாள் சாப்பிட்டவர்களுக்கு, வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களைவிட, நூறு புள்ளி அளவுகோலில் வலி 17 புள்ளி கூடுதலாகக் குறைந்ததைக் கண்டது. ஆய்வுகள் சிறியவை என்பதையும் மறக்கக் கூடாது.

வலி குறைவது வேறு, தேய்ந்த குருத்தெலும்பு வளர்வது வேறு. ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் 70 பேரிடம் 12 வாரம் நடந்த ஆய்வில் மஞ்சள் சாறு வலியைக் குறைத்தது; ஸ்கேனில் தெரிந்த மூட்டு வீக்கமோ அப்படியே இருந்தது. "எலும்பை வளர்க்கும்" என்று விற்பவரை நம்ப வேண்டாம்.

பெரிய ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. ஒரே நாளில் வலியை விரட்டும் ஜாமுக்களில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருப்பதை மலேசிய அதிகாரிகள் பலமுறை கண்டுபிடித்திருக்கிறார்கள். அது முகத்தை உப்ப வைக்கும், இனிப்பு நீரை ஏற்றும், எலும்பையே அரிக்கும். நெடுநாள் சாப்பிட்டவர் திடீரென நிறுத்துவதும் ஆபத்து. உடனே கிளினிக் போக வேண்டும்.

வாங்கும் முன் புட்டியில் 'எம்.ஏ.எல்.' பதிவு எண்ணைத் தேடுங்கள். பாரம்பரிய மருந்தென்றால் அது 'டி' (T) எழுத்தில் முடியும். அந்த எண் பதிவுக்குச் சான்றே தவிர, நோய் தீரும் என்ற உத்தரவாதம் அல்ல. இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் டாக்டரைக் கேட்காமல் மஞ்சள் மாத்திரையைத் தொடக் கூடாது. தொடைத் தசைக்கான பயிற்சியையும் உடல் எடைக் குறைப்பையும் எந்தக் கேப்சூலுக்காகவும் கைவிடாதீர்கள்; மூட்டுக்கு அவற்றின் பலன் மஞ்சளையும் பிசினையும்விட உறுதியாக நிரூபணமானது.