கையை வீசினால் போதும்

நாலு வயதுக் குழந்தைக்குச் சாதாரண வீடியோ கேம் கன்ட்ரோலர் ஒரு சுமை. ஒரு கட்டைவிரலால் நடக்க வேண்டும், இன்னொன்றால் திரும்ப வேண்டும், நடுவே சரியான பட்டனையும் தேடவேண்டும். பந்தை உருட்டவும் மட்டையை வீசவும் அதே குழந்தைக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். 2006-இல் நின்டெண்டோ கொண்டுவந்த 'வீ' என்ற கேம் கருவி, அந்த வீச்சையே விளையாட்டாக்கியது. 10 கோடிக்கு மேல் விற்றது.

அதன் ரிமோட்டுக்குள் இருக்கும் ஆக்சிலரோமீட்டர் என்ற சில்லு, கையசைவின் வேகம் எப்படி மாறுகிறது என்று அளக்கிறது. டிவி அருகே வைக்கும் பட்டை எதையும் உணர்வதில்லை. அது அகச்சிவப்பு ஒளியை வீசும், அவ்வளவுதான். அதைப் பார்க்கும் கேமரா ரிமோட்டின் நுனியில் இருக்கிறது. டிவி பக்கமாக ஜன்னல் வெயில் அடித்தால் திரையில் குறி தடுமாறுவது இதனால்தான். ஜன்னலுக்குத் திரைச்சீலை போட்டால் சரியாகிவிடும். 2017-இல் வந்த நின்டெண்டோ ஸ்விட்ச்சின் ஜாய்-கான் கன்ட்ரோலரில் சுழற்சியை உணரும் கைரோஸ்கோப்பும் உண்டு, அதனால் பட்டை தேவையில்லை.

சிறு குழந்தைகளுக்கு 'வீ ஸ்போர்ட்ஸ்' டென்னிஸில் தொடங்குவதே நல்லது என்பேன். திரையில் இருக்கும் ஆள் தானாகவே பந்தைத் துரத்தி ஓடுவார். குழந்தை மட்டையை வீசினால் போதும். அடுத்தது பௌலிங். அதில் கையை வீசும்போது பட்டனை விடவேண்டும், பிஞ்சு விரல்களுக்கு அது உடனே பிடிபடாது. கையைப் பின்னால் கொண்டுபோகும்போதே விட்டுவிட்டால் பந்து பின்பக்கம் பறக்கும், அங்கே நிற்பவர்கள் துள்ளிக் குதிப்பார்கள். அதைக் கண்டுபிடித்த குழந்தை வேண்டுமென்றே பின்னால் எறியும். எறியட்டும், அந்தச் சிரிப்புக்காகத்தானே ஆடுகிறோம்! குத்துச்சண்டையை இன்னும் சில வருஷம் தள்ளிப்போடுங்கள். பக்கத்தில் நிற்கும் தம்பி முகத்தில் குத்து விழும்.

ஸ்விட்ச் இருந்தால் 'மரியோ கார்ட் 8 டீலக்ஸ்' நல்ல தேர்வு. ஜாய்-கானை ஸ்டீயரிங் போலச் சாய்த்து ஓட்டலாம். வண்டி தானாகவே ஓடவும், பாதையை விட்டு விழாமல் இருக்கவும் அமைப்புகள் உண்டு. இரண்டையும் போட்டுவிட்டால் சின்னவளும் அண்ணனோடு கடைசிவரை ஓட்டுவாள்.

கைவாரை மட்டும் ஒருநாளும் விடாதீர்கள். வீ வந்த புதிதில் வார் அறுந்து ரிமோட்டுகள் பறந்தன. அந்த டிசம்பரிலேயே சுமார் 32 லட்சம் வார்களை மாற்றித்தர நின்டெண்டோ முன்வந்தது. குழந்தையின் மணிக்கட்டு மெலிது என்பதால் வாரில் உள்ள பூட்டை இறுக்கிவிட வேண்டும். டீப்பாயை ஓரம் தள்ளி, ஒருவர் கை இன்னொருவர் மேல் படாத அளவு இடம் விடுங்கள்.

2 முதல் 4 வயதுவரை திரைமுன் உட்கார்ந்திருக்கும் நேரம் ஒரு நாளைக்கு 1 மணி நேரத்துக்கு மேல் போகக்கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டல். ஆடும் விளையாட்டுக்கு அந்தக் கணக்கு எதற்கு என்று தோன்றலாம். ஆனால் கருவி அளப்பது கன்ட்ரோலரின் அசைவை மட்டும்தான். சோபாவில் சாய்ந்தபடி மணிக்கட்டைச் சுண்டினாலே புள்ளி கிடைக்கும். குழந்தைகள் இதைச் சீக்கிரமே கண்டுகொள்வார்கள். பெரியவர் நின்று முழுக் கையையும் வீசினால்தான் அவர்களும் அப்படி ஆடுவார்கள். ஆகவே குழந்தையிடம் ரிமோட்டைக் கொடுத்துவிட்டு நகராமல், இன்னொன்றை எடுத்துக்கொண்டு நீங்களும் எழுந்து நில்லுங்கள்.